147ஆவது வரி

147ஆவது வரியில் ஓர் அடைப்புக்குறி குறைகிறது என்றது கணினி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிழைச் செய்தியைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருப்பவன் இந்தக் கல்லூரிக் கணினி அறையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெள்ளிக்கிழமை காலை, ஒன்பதே முக்கால். பக்கத்து இருக்கை நண்பன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

ஆராய்ச்சி செய்பவர்களின் ஆய்வேடுகளுக்கு மரப்படம் போட்டுக் கொடுப்பது என் உபதொழில். கையால் வரைவதில்லை. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று என்று நிரலாக எழுதினால், லேடெக் என்கிற அச்சுக்கோப்பு மென்பொருள் அதைக் கிளையும் இலையுமாக விரித்துக் கொடுத்துவிடும். ஒரு குறி குறைந்தால் மொத்த மரமும் படுத்துவிடும்.

இத்தனை மரம் வளர்த்தும் நண்பர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மரவெட்டி.

இந்த மரம் நத்தைகளுடையது. நாற்பத்திரண்டு வகை நத்தைகள்; எது எதற்குப் பங்காளி என்று காட்டும் வம்ச மரம். அதை ஆராய்பவருக்கு நான் வைத்த பெயர் நத்தை மேடம். அவரைப் பார்த்ததில்லை, குரலைக்கூடக் கேட்டதில்லை. நிரலை அவரே எழுதுவார். நான் அழகுபடுத்தி, படமாக்கி, நிரலையும் படத்தையும் திருப்பி அனுப்புவேன். நடுவில் கோப்பு வாங்குவதும் கொடுப்பதும் அவர் கணவர்.

'மேடம் கொஞ்சம் பிஸி பிரதர், எதுவா இருந்தாலும் என்கிட்டயே பேசிக்கலாம்' என்று முதல் மடலிலேயே எழுதியிருந்தார். இரண்டாவது மடலிலும் ஒரு பிரதர். மூன்றாவதில் இரண்டு. எவ்வளவு தன்மையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வரைவுகளில் மேடம் ஒரு பிழை விட்டதில்லை. போன வாரம் வந்த நான்காவதில், 147ஆவது வரியில் ஓர் அடைப்புக்குறியைக் காணோம். தேடிப் போனேன்.

அந்த வரிக்குக் கீழே, சதவீதக் குறி போட்டு ஏதோ எழுதியிருந்தது. சதவீதக் குறிக்குப் பின்னால் வருவதை லேடெக் சீண்டாது. தாளில் அச்சாகாது. நிரலைத் திறப்பவர் கண்ணில் மட்டும்தான் படும்.

%தம்பி, நீ இந்த இடத்துக்கு வரவேண்டும் என்றுதான் அடைப்புக்குறியை எடுத்தேன். இவர் அச்சான தாளை மட்டும்தான் பார்ப்பார். என் போனைப் பிடுங்கி நாலு மாதம் ஆகிறது. என்னை வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். ஒரு தடவை கையை உடைத்துவிட்டார். கீழே என் அக்கா நம்பர். சொல்லிவிட்டாயானால் மரத்தில் கடைசி இரண்டு இலையை இடம் மாற்றி அனுப்பு, புரிந்துகொள்வேன். நீ எதுவும் எழுதாதே.

இந்த மாதிரி மரத்தில் இலைகள் இடவலம் மாறினால் அர்த்தம் மாறாது. எந்தக் கிளை எங்கே பிரிகிறது என்பதுதான் முக்கியம். நத்தைகளுக்கு ஆட்சேபணை இல்லை, தேர்வாளர்களுக்கும் இல்லை. மேடம் யோசித்துத்தான் கேட்டிருந்தார்.

போன் போட்டேன். அவருடைய அக்கா அழுது முடிக்கும்வரை காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழம பத்து மணிக்கு அங்க இருப்பேன் தம்பி, மாப்பிள்ள ஆபீஸ் போயிருப்பாரு. பூட்டுத் தொறக்க ஆளும் கூட்டிட்டு வர்றேன். பஸ் ஏறுனதும் போன ஆஃப் பண்ணிருவேன், இல்லேன்னா மாப்பிள்ள போன் போட்டு எங்க இருக்கீங்க எங்க இருக்கீங்கன்னு நோண்டிக்கிட்டே இருப்பாரு."

இலைகளை இடம் மாற்றினேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் இலை இடம் மாறினால் கிழமை தெரியாதே என்று என் மூளை வேலை செய்தது. மேடத்தின் குறிப்புக்குக் கீழேயே, வாட்ஸப்பில் பதில் போடுகிற மாதிரி, ஒரு சதவீதக் குறி போட்டு எழுதினேன்: வெள்ளி காலை பத்து மணி, அக்கா வர்றாங்க, பயப்படாதீங்க.

நேற்றுக் கணவரிடமிருந்து மடல். 'கடைசி ரெண்டு நத்தை இடம் மாறி உக்காந்திருக்கே, ஏன் பிரதர்?'

போன தாளையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மனிதர் என்று அப்போதுதான் தெரிந்தது.

எப்படி இருந்தாலும் ஒன்றுதான் சார் என்று பதில் போட்டேன். அது முழு உண்மை. அதற்கு அவரிடமிருந்து பதில் இல்லை. சமாளித்துவிட்டேன் என்று நம்பினேன்.

இன்று காலை இந்தக் கோப்பு வந்தது. அதே 147ஆவது வரி. அதே அடைப்புக்குறி.

மேடம் படித்துவிட்டார், பதில் எழுதியிருக்கிறார். அதனால்தான் வாயெல்லாம் பல்.

வரியைத் தேடி இறங்கினேன். மேடத்தின் குறிப்பு இருந்தது. அதன் கீழே என் குறிப்பு. அதன் கீழே புதிதாக ஒன்று.

படித்தேன். அக்காவின் நம்பரை அழுத்தினேன். ஸ்விட்ச் ஆஃப். இன்னொரு தடவை அழுத்தினேன். ஸ்விட்ச் ஆஃப். வீடு எந்தத் தெருவில் என்றுகூட நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

"என்னடா மரவெட்டி, மூஞ்சி இப்படி ஆயிருச்சு? மரம் சாஞ்சிருச்சா?" என்றான் நண்பன்.

மணி ஒன்பது ஐம்பத்து மூன்று. திரையில் அந்தக் குறிப்பு அப்படியே இருந்தது.

%இன்னைக்கு நான் லீவு பிரதர்.