டோலிக் கம்பும் மொபெட் ஸ்பிரிங்கும்

"எவன் வேணாலும் செஞ்சிருவானா? அப்ப இத்தன நாளா ஏன் கொழுந்தனாரே எவனும் செய்யல?"

பூண்டுத் தாள அறுத்துக்கிட்டே சுந்தராம்பா கேட்டா.

எதுக்க உக்காந்திருந்த செல்லப்பாண்டி பூண்டு யாவாரி. அவன் மாமனாரு கொடைக்கானல் ஏரிக்கரையில குதிரை வெச்சிருந்தாரு. மழை தூறுனா அந்தக் குதிரை நகராது. மனுசன் குடையப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடப்பாரு. சரி, அது கெடக்கட்டும். இப்பப் பேச்சு குதிரையப் பத்தி இல்ல, டோலியப் பத்தி.

பள்ளங்கிக்குக் கீழ இருக்குற சுந்தராம்பா ஊருக்கு ரோடு கெடையாது. முடியாதவுகளக் கம்புல தூளி மாதிரி டோலி கட்டித்தான் மேல தூக்கணும். பாறைக்குப் பாறை கால் மாத்தி வெக்கிறப்ப, உள்ள கெடக்கறவுக உசுரே குலுங்கிப் போகும். இஞ்சினியரிங் படிச்ச ஆக்னல்ங்கிற பையன், தோள் படுற எடத்துல ஸ்பிரிங் மாட்டிக் குலுங்காத கம்பு ஒண்ணு செஞ்சான். யாரும் காப்பியடிக்கப்படாதுன்னு பேடன்ட்டுக்கும் எழுதிப் போட்டிருக்கான். 'இதுல என்ன புதுசு'ன்னு ஒரு ஸ்ட்ரெச்சர் கம்பெனி குறுக்க நிக்குது. அந்தக் கம்பெனிக்காக ஊருக்குள்ள ஆதாரம் தேடி வந்த ஆளுதான் செல்லப்பாண்டி.

"ஸ்பிரிங் மொபெட்டுல இருக்கு மதினி. கம்பு காலங்காலமா நம்ம தோள்ல இருக்கு. ரெண்டையும் சேத்துக் கட்டுறதுக்கு மூளையா வேணும்?"

"அரிசியும் இருந்துச்சு, உளுந்தும் இருந்துச்சு. சேத்து அரைச்சுப் புளிக்க வெக்கணும்னு எவளோ ஒருத்திக்குத்தான தோணுச்சு? வெள்ளனே நீங்க உள்ள தள்ளுன இட்லி அப்படி வந்ததுதான்."

"இட்லிக்கு எவ பேடன்ட் வாங்குனா?"

"வாங்காமப் போனா. அதான் தின்னுட்டு, இதுல என்னா இருக்குங்கிறீக."

செல்லப்பாண்டி சிரிச்சான். பெறகு குரலைத் தாழ்த்துனான்.

"வாதாடுறதெல்லாம் வக்கீல் சோலி. ஆக்னலுக்கு முந்தியே இங்கன எவனாச்சும் கம்புல ஸ்பிரிங் வெச்சு ஊரறியத் தூக்கியிருந்தா, அதக் காட்டுங்க. கேசு அன்னைக்கே முடிஞ்சு போகும்."

பக்கத்துல விறகு பொளந்துக்கிட்டிருந்த அவ புருசன் சுப்புராஜ் கோடாலியக் கீழ வெச்சாரு.

"அது வந்து பாண்டி..."

"நீங்க சும்மா இருங்க! உங்களுக்கு என்னா தெரியும்?"

மனுசன் கோடாலியத் தூக்கிக்கிட்டுப் பொறவாசப் பக்கம் போயிட்டாரு.

"அண்ணன் பாவம் மதினி."

"இந்த ஊரு ஆம்பளைகளுக்குத் தோள்ல காய்ப்புக் காச்சதுதான் மிச்சம். ஒருத்தனுக்கும் தோணல. ஆக்னலுக்குத்தான் தோணுச்சு. எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்."

"சொந்தமா பந்தமா? அந்தப் பயலுக்கு இம்புட்டு வக்காலத்தா?"

"செஞ்ச மொதக் கம்ப இந்த ஊருக்குச் சும்மா குடுத்தவன். உங்க கம்பெனிக்காரன் இந்தப் பாதையில ஒரு தடவ எறங்கிப் பாத்திருப்பானா?"

செல்லப்பாண்டி முனகிக்கிட்டே மேடு ஏறிப் போனான். அவன் தலை மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்துட்டு, சுந்தராம்பா பொறவாசப் பக்கம் திரும்பிக் குரல் குடுத்தா.

"ஏங்க! அடுப்பு அணையுது. என் தலைப்பிரசவத்துக்கு மொபெட் ஸ்பிரிங் வெச்சு என்னையத் தூக்கிட்டுப் போனீகளே, அந்தக் கம்ப வெரசா வெட்டி உள்ள கொண்டாங்க!"