இரண்டு வருட இடைவெளி

“நடுவுல ரெண்டு வருஷம் வேலைக்குப் போகல. ஏன்?”

தாரிணியின் மணிக்கட்டில் ஒட்டியிருந்த பட்டையைப் பார்த்தபடியே கேட்டார் அதிகாரி. பொய் சொன்னால் பட்டை சிவக்கும். குரல் உடைந்தாலும் சிவக்கும். இதற்கு முன்பு போன நேர்காணல்களில் எல்லாம் இதே கேள்வியில்தான் அவள் அழுதுவிட்டுத் திரும்பியிருந்தாள்.

“மேல்படிப்பு படிச்சேன் சார்.”

பட்டை பச்சையாகவே இருந்தது.

“வெரிகுட். திங்கட்கிழமை வந்துடுங்க.”

வெளியே காத்திருந்த கணவன் குமரவேலிடம் ஓடி வந்தாள்.

“கிடைச்சிடுச்சுப்பா! அந்தக் கோச்சிங் சென்டர்ல என்னதான் சொல்லிக் கொடுத்தாங்களோ, பதற்றமே வரல!”

அங்கே எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோன மகன் மகிழ்நனை, அவன் பிறந்த நாள் முதல் அவள் நினைவிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டார்கள். காலியான இரண்டு வருடத்தில் ஒரு மேல்படிப்பை வைத்துவிட்டார்கள். குமரவேலின் வேலையும் போயிருந்ததால் அவளேதான் சம்மதித்தாள். “எனக்கும் சேர்த்து நீ ஞாபகம் வச்சுக்க” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

வீட்டில் போட்டோக்களையும் சின்னச் செருப்பையும் ஒளித்துவைத்த குமரவேல், கதவு நிலையை மறந்துவிட்டான். அதில் பென்சில் கோடுகள் இருந்தன. தாரிணி குனிந்து பார்த்தாள்.

“ஏதோ குழந்தையோட உயரத்தை அளந்திருக்காங்க. முன்னாடி குடியிருந்தவங்களா?”

“ம்.”

“பாதியிலயே நின்னிருக்கு பாரு. வீடு மாத்திட்டாங்க போல.”

துணியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“போகவே மாட்டேங்குது. கொஞ்சம் தண்ணி கொண்டு வாயேன்.”

குமரவேல் கொண்டுவந்து கொடுத்தான்.