இரண்டாவது ஜாடி

வாளி காலியாக இருந்தது.

அடியில் மண்டி மட்டும், சேறுபோலப் படிந்து கிடந்தது.

பக்கத்தில் புதிதாக ஒரு கண்ணாடி ஜாடி. அதன் கழுத்துவரை அவள் வீட்டிலேயே காய்ச்சிய பியர். மேலே வெள்ளை நுரை.

அவள் கணவன் கராஜ் நடுவில் நின்று துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாத்தியாச்சு. அடியில பூரா அழுக்கு, பூங்கொடி. அதுலயே எத்தனை நாள் ஊறப்போடுவ?"

அது அழுக்கில்லை. ஈஸ்ட். பியரைப் புளிக்கவைக்கும் வேலையை முடித்துவிட்டு அடியில் படுத்திருந்தது.

அதன்மேல் பியர் கிடந்தால் ஒன்றும் ஆகாது, ஒரே வாளி போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். சாப்பாட்டு மேசையில் சொன்னாள். காரில் சொன்னாள். வீடியோவில் எல்லாரும் இரண்டாவது ஜாடிக்கு மாற்றுகிறார்களே என்றான். அதெல்லாம் பழைய வீடியோ என்றாள். மாற்றும்போது காற்று பட்டால் கெட்டுவிடும் என்றாள்.

கேட்டுக்கொண்டான். போய் ஜாடி வாங்கிவந்திருக்கிறான்.

காற்றுப் படாமல் மாற்றுவதற்கான டியூப் ஆணியில் தொங்கியது. நனையவே இல்லை.

"எப்படி மாத்துனீங்க?"

"சொம்பாலதான். டீ ஆத்துற மாதிரி. ஒரு சொட்டு கீழ சிந்தியிருக்கா பாரு."

பார்த்தாள். சிந்தவில்லை.

வீட்டில் சாயங்கால டீ அவன் பொறுப்பு. ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றுவான். விருந்தாளிகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

அந்த உயரத்திலிருந்து அவள் பியரை ஆற்றியிருக்கிறான். சொம்பு சொம்பாக. வாளி முழுவதையும்.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

இது பியரோடு போகிற விஷயமும் இல்லை. அவள் குழம்பை இறக்கி மூடிவைத்தால், மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை உப்புப் போடுவான். அவள் காரை நிறுத்திவிட்டு வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு போய் நேராக்கி நிறுத்துவான். கார் முதலிலேயே நேராகத்தான் இருக்கும்.

போன வருஷம் இருவரும் அவளுடைய பியரை, வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் கூடும் கிளப்புக்குக் கொண்டுபோனார்கள். குடித்துப் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் எழுந்துவந்து அவன் கையைக் குலுக்கினார். கசப்புக்கு என்ன ஹாப்ஸ் பூ போட்டீர்கள் என்று கேட்டார்.

அவன் கையைக் கொடுத்தான். ஏதோ ஒரு ஹாப்ஸ் பெயரையும் சொன்னான்.

அவள் பக்கத்தில்தான் இருந்தாள். சிரித்துவைத்தாள்.

கிளப்பின் இந்த வருஷப் போட்டிக்குத் தன் பெயரில் வைக்க வேண்டும் என்றுதான் இந்த வாளி. மாதக் கடைசியில் போட்டி. இனி புதிதாகக் காய்ச்சிப் போட்டால் அதற்குள் ஆகாது.

அவன் ஒரு தம்ளரில் கொஞ்சம் பிடித்துக் குடித்தான். அவளிடமும் நீட்டினான்.

"நல்லாத்தானே இருக்கு?"

குடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

"இன்னிக்கு நல்லா இருக்கும்."

அவன் தலையாட்டினான். பாதிதான் காதில் விழுந்திருக்கும்.

முன்பு ஒருமுறை அவளே அவசரத்தில் இப்படிக் காற்றுப்பட ஊற்றிக் கெடுத்திருக்கிறாள். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு நிறம் மங்கும். மாதக் கடைசிக்குள் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். அதற்கப்புறம் என்ன செய்தாலும் போகாது.

கொட்டிவிடலாமா என்று யோசித்தாள். ஜாடியின் கழுத்தைப் பிடித்தும்விட்டாள்.

கொட்டினால், நல்ல பியரைக் கோபத்தில் கொட்டினாள் என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்வான்.

விட்டாள்.

பாட்டிலில் நுரை கட்டுவதற்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சிக் கலந்தாள். பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்தாள். ஆணியிலிருந்து டியூபை எடுத்து, ஒவ்வொரு பாட்டிலிலும் அடிவரை விட்டு, சத்தமில்லாமல் நிரப்பினாள். இனி இவ்வளவு கவனமாக ஊற்றி ஒரு பயனும் இல்லை. கைக்கு வேறுமாதிரி வரவில்லை.

அவன் மூடி அடித்துக் கொடுத்தான். நன்றாக அடித்தான். இடையிடையே விசில் வேறு.

போட்டிப் பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். அதில் யார் பெயரோ அவர்தான் செய்தவர். கிளப்பின் வழக்கம் இது. நடுவர்கள் குடித்துவிட்டு மைக்கில் குறை சொல்வார்கள். செய்தவர் எழுந்து நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். சனங்கள் சிரிப்பதும் உண்டு.

"சீட்டுல என் பேரையும் ஒரு ஓரமா போடு," என்றான். "பாதி வேலை நான்தானே பாத்தேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான்.

அவள் பேனாவைத் திறந்தாள். எழுதினாள். ஒட்டினாள். விரலால் நீவிவிட்டாள்.

அவன் குனிந்து படித்தான்.

"உன் பேரு எங்க?"

"எதுக்குங்க. உங்க பேரே இருக்கட்டும்."

"நெஜமாவா?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் தோளை ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போனான்.

சுவருக்கு அந்தப்பக்கம், அவன் மதுரையிலிருக்கும் தன் தங்கையோடு போனில் பேசுவது கேட்டது.

"ஆமாத்தா. நானே செஞ்சதுதான். பூங்கொடி கூடமாட ஒத்தாசை."

போட்டிக்கு இரண்டு பாட்டில் வைக்க வேண்டும்.

அவள் இரண்டாவது சீட்டை எடுத்தாள். அவன் பெயரை எழுதினாள்.

இந்தமுறை கொஞ்சம் பெரிய எழுத்தில்.