முந்தின நாள் முட்டை

டாக்டரம்மாவின் விரல் ரத்தப் பரிசோதனைத் தாளில் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அவள் அந்த விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் கணவர்.

தசைகளை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. இப்போது தொண்டை. ஒரு கிண்ணம் குழைந்த சோறு இறங்க ஒரு மணி நேரமாகும்.

நாக்கு மட்டும் பழைய நாக்குதான். உப்பு குறைந்தால் முறைப்பார்.

போன தடவையே சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் புரதம் குறைந்திருந்தால் அவள் ஊட்டுவது போதவில்லை என்று அர்த்தம். வயிற்றில் குழாய் போட்டுவிடுவார்கள்.

அவளுடைய சமையலுக்கு இதுவரை யாரும் மார்க் போட்டதில்லை.

"அல்புமின், அதான் ரத்தத்துல இருக்கற புரதம், நாலு புள்ளி ரெண்டு. ரொம்ப நல்லாருக்கும்மா."

கணவரின் கண் மின்னியது. அவள் தலை குனிந்தது.

"டாக்டரம்மா, நான் ஒரு திருட்டுத்தனம் பண்ணிட்டேன். ரத்தம் எடுக்கிறதுக்கு முந்தின நாள் ரெண்டு முட்டை கூடுதலா அடிச்சு ஊத்திட்டேன். பருப்புத் தண்ணியும் குடுத்தேன்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒரு நாள் முட்டையில இது ஏறாதும்மா. வாரக்கணக்கா ஊட்டினாத்தான் இப்படி நிக்கும். இது உங்க கை."

அவள் தன் கையைப் பார்த்தாள். மிக்ஸி பிளேடு கீறிய தழும்பு. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப குழாய் வேண்டாம்தானே?"

டாக்டரம்மா தாளை அவளிடம் நீட்டினார்.

"எடை குறையுது. இனி விழுங்கறது இன்னும் கஷ்டமாகும். மூச்சு தளர்ந்தப்புறம் போடறது ஆபத்து. இப்ப உடம்பு தாங்கும். அதான் இப்பவே போடலாம்ங்கறேன்."

ஜெயித்தவளுக்கு இதுதான் பரிசா?

அவள் அவர் பக்கம் திரும்பினாள். ஒரு முறை கண் சிமிட்டினால் சரி. இரண்டு முறை என்றால் வேண்டாம்.

அவர் அவளையே வெகுநேரம் பார்த்தார்.

ஒரு முறை சிமிட்டினார்.

அவள் அவர் கடைவாயைத் துண்டால் துடைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"குழாய்ல போறதையும் நான்தான் அரைப்பேன்."

"தாராளமா. நல்லா வடிகட்டிடணும்."

"உப்பு பாக்க இவர் வேணுமே. நாக்குல கொஞ்சம் வைக்கலாமா?"

டாக்டரம்மா யோசித்தார். ஜாக்கிரதையாக ஒரு சொட்டு வைக்கலாம் என்றார்.

ஒரே ஒரு சொட்டா என்று அவர் முறைத்தார்.

அந்த முறைப்பு போதும் அவளுக்கு. நாற்காலியைத் திருப்பினாள். வெளியே வரிசையில் காத்திருந்த எல்லோருக்கும் தெரியும்படி, ரத்தப் பரிசோதனைத் தாளை அவர் மடியில் விரித்து வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.