சன்னல் பக்கத்துப் பாசி

"ஏட்டி குழல்வாய்மொழி, மூணு பக்கமும் பளபளன்னு இருக்கு. சன்னல் பக்கம் மட்டும் ஏன் பச்சையா கெடக்கு?"

குற்றாலத்துப் பங்களாவின் சமையல்காரர் அருளப்பன் வேலைக்காரப் பெண்ணிடம் கத்தினார். பின்சன்னலை அடைத்து நின்றது துரையின் கண்ணாடித் தொட்டி. அதிலிருந்த கடல்மீன்களுக்குத் தூத்துக்குடியிலிருந்து ரயிலில் கடல்தண்ணீர் வந்தது.

"நிழல்ல புடிச்சது பழுப்புப் பாசி. துணியால வழிச்சிட்டேன் அண்ணாச்சி. இது வெயில்ல புடிச்ச பச்சைப் பாசி. கத்தி வச்சுச் சுரண்டணும்."

"அப்ப சுரண்டு!"

"மாட்டேன்."

"தொரை தெனமும் நாற்காலியில உக்காந்து மீன் பாக்காரு. பாசி மறைக்குன்னு ஏசுதாரு. வேலை போயிரும்ட்டி!"

"போவட்டும். மீனைப் பாக்க மூணு பக்கம் போதும்."

அருளப்பன் சவரக்கத்தியோடு கையைத் தண்ணீருக்குள் விட்டு, தானே சுரண்டினார். உள்ளங்கை அகலம் தெளிந்ததும், துரையின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

மீன்களுக்கு அப்பால், சன்னலுக்கு வெளியே, பெண்கள் குளிக்கும் ஓடைத்துறை தெரிந்தது. அங்கே அவருடைய சம்சாரம் ஈரச்சேலையோடு தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

அருளப்பன் எழுந்து தோள்துண்டை உருவி, வெயிலை மறைக்காமல், நாற்காலிக்கு எதிரே இருந்த கண்ணாடியின்மேல் தொங்கவிட்டார்.

"பாசி மறுபடி புடிக்க எத்தனை நாளாவும்ட்டி?"

"பத்து நாளாவும்."

"அதுவரைக்கும் இந்தத் துண்டு கெடக்கட்டும். தொரை எடுக்கச் சொன்னா, நானும் மாட்டேன்னுதான் சொல்லுவேன்."