கடைசி எபிசோடு

உரக்கடை ஆதிமூலம் பார்ட்ஸ் வாங்கித் தானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து ஹால் டிவியோடு இணைத்தபோது, கள்ளக்குறிச்சியிலிருந்தே ராக்கெட் விடப்போகிறவர் போல நடந்துகொண்டார். "ஒரே நேரத்துல நாலு சேனல் ரெக்கார்ட் ஆவும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

மனைவி கொளஞ்சி ஒன்றுதான் கேட்டாள்.

"என் மத்தியான சீரியலயும் புடிச்சி வைங்க. கடைசி எபிசோட ரெண்டு பேரும் ஒண்ணா குந்திக்கினு பாக்கலாம்."

"இன்னாடி, இதுல போயி சீரியலா? மெஷினுக்கே அசிங்கம்."

ஆடியில் அவள் மாரடைப்பில் போய்விட்டாள். காரியம் முடிந்த மறுநாள் அவர் அந்த சீரியலைப் பதிவில் போட்டார். தினமும் கடையிலிருந்து வந்து வீட்டுப் பூட்டைத் திறந்தால், அன்றைய எபிசோடில் 'பார்த்தாயிற்று' என்ற டிக் விழுந்திருக்கும். சொன்னால் நின்றுவிடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை. வாழ்க்கையில் அவர் பெருமையடிக்காத ஒரே விஷயம் அதுதான்.

சீரியல் முடியும் நாளன்று கடையைச் சீக்கிரமே சாத்தினார். கடைசி எபிசோடில் டிக் இல்லை. திரையில் அது தொடக்கத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

ஆதிமூலம் சோபாவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"வந்துட்டேண்டி, போடு."

ரிமோட் டிவிக்குப் பக்கத்தில், பாலித்தீன் உறைக்குள் கிடந்தது. சீரியல் ஓடத் தொடங்கியது.