கரையில் இறக்கிய இன்ஜின்

இன்ஜின் படகுத்துறையில், பழைய தார்ப்பாய் ஒன்றின் மேல் கிடந்தது.

படகுக்காரி கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். அக்கா வீட்டுக்குப் போய் மூன்றே நாள். அதற்குள் இது.

படகின் நடுவே இன்ஜின் பெட்டி இருந்த இடத்தைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். அதன் மேல் ஆலைக்குப் போகும் பெண்கள் வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூரைமேல் சோலார் தகடுகள். இருக்கைகளுக்கு அடியில் நாலு பேட்டரி. பின்பக்கம் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தபடி, அரை மூட்டை அரிசி அளவுக்கு ஒரு மோட்டார்.

அதன் அருகில் ஸ்பேனரும் கையுமாக மகள்.

மின்சார ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடையில் அவளுக்கு வேலை. ஆறு மாதமாகவே அரித்துக்கொண்டிருந்தாள். புகை இருக்காது, டீசலுக்கு அலைய வேண்டாம், காற்று வாகாக இருந்தால் படகுப் பாயை விரித்துவிட்டு மோட்டாரையே அணைத்துவிடலாம் என்று. நான் செத்த பிறகு செய்துகொள் என்பதுதான் படகுக்காரியின் பதில்.

"யாரக் கேட்டு அதுல கைவச்ச?"

மகள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள்.

ஆலைச் சங்கு ஊதும் நேரம் நெருங்கிவிட்டது. இத்தனை பேர் முன்னால் கத்தவும் முடியாது. படகுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் போய்ச் சக்கரத்தைப் பிடித்தாள்.

அந்த இன்ஜினை அவள் புருஷன் சீராட்டியதுபோல் பெற்ற பிள்ளையைக்கூடச் சீராட்டியதில்லை. அவர் போன பிறகு, இந்த நாலு வருஷமும் அவளேதான் அதைத் துடைத்தாள், எண்ணெய் மாற்றினாள், மக்கர் செய்தால் இரண்டு உதை உதைத்தாள். அவர் கை பட்டதில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதைப் போய் அழுகின காய்போலத் தூக்கி வெளியே போட்டிருக்கிறாள்.

துறையை விட்டுக் கிளம்பியதே தெரியவில்லை. நகர்வது படகா, கரையா என்று தபால்காரர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

நடு ஆற்றில் இது நின்றுபோக வேண்டும் என்று படகுக்காரி மனசார வேண்டிக்கொண்டாள்.

நிற்கவில்லை. காற்று முதுகில் படத் தொடங்கியதும் மகள் பாயை ஏற்றி மோட்டாரை அணைத்தாள். அணைத்ததுகூடத் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பின்வரிசைப் பெண் ஒருத்தி, தினமும் சொல்வதுபோலவே, மேற்பார்வையாளரின் வண்டவாளத்தைப் பக்கத்தில் இருப்பவளிடம் எடுத்துவிட்டாள். படகு முழுக்கக் கேட்டது. மேற்பார்வையாளரின் மாமியாரும் படகில்தான் இருந்தாள்.

அக்கரையில் எல்லாரும் இறங்கிப் போனார்கள்.

திரும்பும்போது எதிர்க்காற்று. மகள் பாயைச் சுருட்டி வைத்தாள், மோட்டாரைப் போட்டாள், போய்ப் பின்பக்க விளிம்பில் உட்கார்ந்தாள். இனி அந்நியர் யாரும் இல்லை. படகுக்காரி ஆரம்பித்தாள்.

வளர்த்த கடா மார்பில் பாய்கிறது என்றாள். அப்பனை ஒரேயடியாகத் துடைத்தெடுக்கப் பார்க்கிறாய் என்றாள். உனக்குப் பால் கொடுத்ததற்கு இந்த ஆற்றில் ஊற்றியிருக்கலாம் என்றாள்.

இருபது வருஷமாக இன்ஜினோடு போட்டி போட்டுக் கத்திய தொண்டை. இப்போது போட்டிக்கு ஆள் இல்லாமல் ஆறு முழுக்க ஓடியது. கரையில் எங்கோ ஒரு நாய் பதிலுக்குக் குரைத்தது.

தன் குரல் தனக்கே கேட்டதும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. நிறுத்தினாள்.

பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம். ஈரக் கயிறு முறுகும் சத்தம்.

"அம்மா."

உப்பு டப்பா எங்கே என்று சமையலறையிலிருந்து கேட்கிற குரல். அவ்வளவுதான்.

வெடுக்கென்று திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல. நான் கத்தக்கூட இல்லம்மா. இங்கருந்து கூப்பிட்டா உனக்குக் கேக்குதான்னு பாத்தேன்."

படகுக்காரி முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆற்றில் இழுப்பு அதிகமான இடம் அது.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், இதேபோல் ஆளில்லாப் படகு. சக்கரத்தில் அவள். மகள் உட்கார்ந்திருக்கும் அந்த விளிம்பில் அவர், படகில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே இன்ஜின். துறையைத் தொட்டபின் அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வாளி மட்டும் இருந்தது.

கரையில் மணல் அள்ளிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டதாம். மூன்று தடவை, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். அவர்கள் நீந்தி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கரையில் இருந்தவனுக்குக் கேட்டது, கட்டினவளுக்கு எப்படிக் கேட்காமல் போகும் என்று ஊரே கேட்டது. நாத்தனார் கேட்டாள். கேட்காதவள் மகள் ஒருத்திதான். அவள் கேட்காமல் இருப்பதைத்தான் படகுக்காரி இத்தனை நாளும் பெரிய குற்றச்சாட்டாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

தூரத்தில் துறையில், தார்ப்பாய் மேல் கிடந்த இன்ஜின் தெரிந்தது. கோபம் தணியவில்லை. ஆனால் அது மகள் மேல் இல்லை, தன் மேலும் இல்லை.

திரும்பாமலே சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் மெதுவாக் கூப்பிடு."